மும்பை சொசைட்டி கமிட்டிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்: உங்க மொட்டை மாடி விஷயமா

செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் பக்கம் சொசைட்டி பொறுப்புல இருக்கற சேர்மன் அண்ணாச்சிகளே, செகரட்டரி மாமாக்களே, ட்ரெஷரர் அக்காக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் டெரஸ் வாட்டர்ப்ரூஃபிங் வேலையில சூப்பர்வைசரா இருக்கறவன். ஊர் நெல்லைப் பக்கம், குடியிருக்கறது சயான் கோலிவாடா. கம்பெனி பேர் எதுவும் சொல்லப் போறதில்ல, யார் சரக்கையும் விக்க வரல, அதனால பயப்படாம படிக்கலாம். உங்ககிட்ட கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். கொட்டேஷன் வந்ததும் எல்லாரும் தலையைச் சேத்து வச்சுக்கிட்டு மேல ஒட்டற தார் ஷீட்டு எந்த பிராண்டு, எத்தனை எம்எம், எத்தனை வருஷம் கேரண்டின்னு பாக்கறீங்க பாருங்க, அதைக் கொஞ்சம் நிறுத்திட்டு டெரஸ் காஞ்சிருக்கா, தண்ணி ஓட சரிவு இருக்கா, ஓரத்தையும் பைப் வாயையும் எப்படி முடிக்கப் போறாங்கன்னு கேளுங்க, காசும் நேரமும் அதுக்கு ஒதுக்குங்க. நான் பாத்த வரைக்கும் ஷீட்டோட நடுவுல ஒழுகறது அபூர்வம், ஒழுகறதெல்லாம் அது போய் முடியற எடத்துலதான்.

முதல்ல நேரத்தைப் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா பாதி சொதப்பல் அங்கதான் ஆரம்பிக்குது. ஜூலைல மேல் மாடி பெட்ரூம் சீலிங் ஊறும், வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ வரும், நாலு நாள் சண்டை நடக்கும், அப்புறம் நீலத் தார்ப்பாய் வாங்கி மேல விரிச்சு நாலு செங்கல்ல வச்சு அமுக்கிட்டு அத்தோட விட்டுருவீங்க. செப்டம்பர் 30க்குள்ள ஏஜிஎம் (வருஷாந்தர பொதுக்கூட்டம்) நடத்தியாகணும், அதுல "அடுத்த சம்மர்ல பண்ணிடலாம்"னு தீர்மானம் போடுவீங்க. ஏப்ரல்ல கொட்டேஷன் கேப்பீங்க, மே பாதியில ஒர்க் ஆர்டர் கையில வரும், அப்ப மும்பைல இருக்கற எல்லா சொசைட்டிக்கும் ஒரே வாரத்துல ஆள் வேணும், நல்ல டீம் எல்லாம் எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கும், உங்களுக்கு வர்றது நேத்து வரைக்கும் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்த பசங்க. மும்பைக்கு வானிலைத் துறை வச்சிருக்கற தேதி ஜூன் 11, ஆனா 2025ல மே 26ந் தேதியே பருவமழை வந்துருச்சு, அன்னைக்கு எத்தனை டெரஸ் பாதி உரிச்சுப் போட்டபடி கெடந்துச்சுன்னு எங்க லைன்ல இருக்கறவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. ஏஜிஎம்ல முடிவு பண்ணி டிசம்பர், ஜனவரில வேலையை வச்சுக்கோங்க. வெயில் கொறைவு, ஆள் கெடைக்கும், ஸ்லாப், அதாவது கான்கிரீட் கூரை, மழை ஈரமெல்லாம் வடிஞ்சு காஞ்சிருக்கும், எவனும் அவசரப்பட மாட்டான்.

அடுத்தது அந்த "டெரஸ் லீக்கேஜ் மேல் மாடிக்காரன் பிரச்சனை"ங்கற பேச்சு. ஏஜிஎம்ல ரெண்டாவது மாடி, மூணாவது மாடிக்காரங்க இதைச் சொல்லாம இருந்ததே இல்ல. மகாராஷ்டிரா மாடல் பைலாஸை (சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகள்) ஒரு தடவை எடுத்துப் படிங்க, டெரஸ், பாரபெட் சுவர் (மாடி கைப்பிடிச் சுவர்), மழைத் தண்ணி லீக்கேஜ், அதனால மேல் மாடி சீலிங்கும் பிளாஸ்டரும் கெட்டுப் போனா அந்த ரிப்பேர், எல்லாமே சொசைட்டி செலவுன்னு போட்டிருக்கு. பாத்ரூம், சிங்க் மாதிரி வீட்டுக்குள்ள வர்ற லீக்கேஜ்தான் அந்தந்த ஃபிளாட்காரங்க தலையில. ரிப்பேர் ஃபண்டுன்னு கட்டுமானச் செலவுல வருஷத்துக்கு 0.75 சதவீதம், சிங்கிங் ஃபண்டுன்னு (பெரிய வேலைக்குச் சேத்து வைக்கற நிதி) குறைஞ்சது 0.25 சதவீதம் வசூல் பண்ணச் சொல்றது சும்மா எஃப்டில போட்டு அழகு பாக்கவா? கட்டடத்துக்கு 30 வருஷம் தாண்டியிருந்தா ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டடம் உறுதியா இருக்கான்னு பாக்கற சோதனை) வேற கட்டாயம், ஆடிட்டர் ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே டெரஸ் சீப்பேஜ், அதாவது நீர்க்கசிவுன்னு எழுதியிருப்பார், அந்த பக்கத்தைப் படிக்காமயே ஃபைல்ல குத்தி வச்சிருப்பீங்க.

இதை ஏன் இவ்ளோ சூடா சொல்றேன்னா, ஒழுகறது சீலிங் பெயின்ட்டோட நிக்கற விஷயம் இல்ல. தண்ணி ஸ்லாப்புக்குள்ள போய் கம்பியைப் பிடிச்சா துரு வரும், துருப்பிடிச்ச இரும்பு முன்ன இருந்ததைவிட ரெண்டுலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், அதுக்கு எடம் குடுக்க முடியாம கான்கிரீட் கீழ்ப்பக்கமா வெடிச்சு பொளந்து விழும். சீலிங்ல நேர்கோட்டுல விரிசல் ஓடுதுன்னா மேல கம்பி அதே கோட்டுல போகுதுன்னு அர்த்தம். அந்த நிலைமைல மேல எந்த ஷீட்டைப் போட்டும் பிரயோஜனம் இல்ல, முதல்ல ஸ்லாப் ரிப்பேர், அப்புறம்தான் வாட்டர்ப்ரூஃபிங்.

சரி, இப்ப உங்க டெரஸ் மேல என்ன இருக்குன்னு பாப்போம். மும்பைல பழைய பில்டிங்னா பெரும்பாலும் பிரிக் பேட் கோபா, அதாவது செங்கல் துண்டை சிமென்ட் கலவைல பரப்பி சரிவு குடுத்து, மேல ஐபிஎஸ்ஸோ (சிமென்ட் தளம்) சைனா மொசைக்கோ (உடைஞ்ச டைல்ஸ் துண்டு பதிச்ச தளம்) போட்டு முடிச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல மெட்ராஸ் டெரஸ் வீட்டைப் பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல, அங்க செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி ஊத்தி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா தட்டித் தட்டி இறுக்குவாங்க, மேல தட்டோடு பதிப்பாங்க. கோபாவை நான் குறை சொல்ல மாட்டேன், ஒழுங்காப் போட்டா நல்லா உழைக்கும், வெயிலையும் தாங்கும். பிரச்சனை என்னன்னா அது ஸ்பாஞ்சு மாதிரி தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். மேல ஒரு மூலைல உள்ள போன தண்ணி கோபாவுக்குள்ளயே நடந்து போய் ஸ்லாப்புல எங்க விரிசல் கெடைக்குதோ அங்க இறங்கும், அதனால உங்க பெட்ரூம்ல ஒழுகுதுன்னா பெட்ரூமுக்கு நேர் மேல மட்டும் ஒட்டுப் போடறது வீண் செலவு.

இன்னொரு கூத்து, பழைய கோபா ஒழுகுதுன்னு அதை எடுக்காம அதுக்கு மேலயே இன்னொரு கோபா போடறது. எடுத்தா டெப்ரீஸ் (இடிச்ச குப்பை) இறக்கணும், லாரி வைக்கணும், செலவு கூடும், அதனால காண்ட்ராக்டருக்கும் சந்தோஷம் கமிட்டிக்கும் சந்தோஷம். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, 1000 சதுர அடி டெரஸ்ல நாலு இன்ச் கனத்துக்கு கோபா போட்டா கிட்டத்தட்ட 15லேர்ந்து 18 டன் எடை. இதை 40 வருஷப் பழைய ஸ்லாப் தலையில ரெண்டாவது அடுக்கா ஏத்தறீங்க, அதுவும் ஏற்கனவே கம்பி துருப்பிடிச்ச ஸ்லாப். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்துல சம்மதம் குடுக்காம இதைப் பண்ணவே கூடாது, அவர் குடுக்கவும் மாட்டார்.

எடை கம்மியா வேணும்னுதான் எல்லாரும் மெம்ப்ரேனுக்குப் போறாங்க, நம்மாளுங்க தார் ஷீட்டுன்னு சொல்றது. ஒரு ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 3 எம்எம் இல்ல 4 எம்எம் கனம், பின்பக்கம் கேஸ் சிலிண்டர் டார்ச்சால உருக்கி ஒட்டறது. இதுல ஏபிபி, எஸ்பிஎஸ்னு ரெண்டு வகை, தார்ல கலக்கற பாலிமர்தான் வித்தியாசம். ஏபிபி வெயிலையும் சூட்டையும் நல்லாத் தாங்கும், எஸ்பிஎஸ் ரப்பர் மாதிரி வளையும், குளிர்ல வெடிக்காது. நம்ம மும்பைல குளிர்னு ஒண்ணு கெடையாது, மொட்டை மாடில திறந்து கெடக்கற ஷீட்டுக்கு ஏபிபி போதும், மேல மினரல் சிப்ஸ் ஒட்டினதோ அலுமினியம் முகம் வச்சதோ வாங்குங்க, வெறும் கருப்பு ஷீட்டை வெயில்ல விட்டா கீழ் வீட்டுக்காரன் அடுப்புக்குள்ள குடியிருக்கணும். உள்ள இருக்கற துணி பாலியெஸ்டரா ஃபைபர் கிளாஸான்னும் கேளுங்க, ஆடற ஸ்லாப்புக்கு பாலியெஸ்டர்தான் நல்லது, கிழியாது. ஷீட்டைப் பத்தி இவ்ளோ தெரிஞ்சா போதும்.

ஒட்டறதுக்கு முன்னாடி ஈரம் பாக்கணும், இதை யாரும் பண்றதில்ல, ஆனா பண்ண பைசா செலவில்ல. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து டெரஸ்ல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி, சாயங்காலம் ஒட்டினா மறுநாள் காலைல 16 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடியில முத்து முத்தா வேர்த்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ கோபாவுக்குள்ள இன்னும் தண்ணி இருக்கு, அது மேல தார் ஷீட்டை ஒட்டினா வெயில்ல அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய போக வழியில்லாம ஷீட்டை அப்பளம் மாதிரி உப்ப வச்சிரும். அடுத்த மே மாசம் அந்தக் கொப்புளத்து மேல யாராவது கால் வச்சா முடிஞ்சது கதை. ரெண்டு மூணு எடத்துல, முக்கியமா பள்ளமான பக்கம், இந்த டெஸ்ட்டை வைங்க, காண்ட்ராக்டர் முகம் சுளிச்சாலும் வைங்க.

ஒட்டும்போது கமிட்டில இருந்து ஒருத்தர் மேல ஏறிப் போய் நிக்கணும். ட்ரெஷரர் போனா நல்லது, அவங்கதானே செக் கையெழுத்துப் போடறாங்க. ஒரு ரோல் இன்னொரு ரோல் மேல பக்கவாட்டுல 10 சென்டிமீட்டர், தலைப்புல 15 சென்டிமீட்டர் ஏறணும். ஒட்டின எடத்து ஓரத்துல உருகின தார் மணி மணியா கொஞ்சமா பிதுங்கி நிக்கும், அந்தப் பிதுங்கல் நெடுக இருந்தா ஒட்டு ஒழுங்கு. சில எடத்துல மட்டும் இருக்கு, சில எடத்துல இல்லைன்னா, ஆறினப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியை அந்த ஓரத்துல மெதுவா விட்டுப் பாருங்க, உள்ள போச்சுன்னா அங்க மழைத் தண்ணியும் போகும், திருப்பி டார்ச் அடிக்கச் சொல்லுங்க. ரோல் எண்ணிக்கையும் பாருங்க, ஓவர்லாப் போக ஒரு ரோல் சுமார் 9 சதுர மீட்டர்தான் மூடும், 400 சதுர மீட்டர் டெரஸுக்கு தரைக்கு மட்டுமே 45 ரோல் வேணும், பாரபெட்ல ஏத்தறது தனி. 40 ரோல்தான் வந்து இறங்குச்சுன்னா எங்கயோ ஓவர்லாப்பைத் தின்னுட்டாங்கன்னு புரிஞ்சுக்கோங்க. வாட்ச்மேன்கிட்ட சொன்னாப் போதும், கேட்ல எண்ணி வைப்பார்.

இப்ப நான் முதல்ல சொன்ன ஓரத்துக்கு வர்றேன். தரையும் பாரபெட் சுவரும் சேர்ற மூலையை நேர் கோணமா விட்டா ஷீட் அங்க மடங்கி வெடிக்கும், அதனால முதல்ல கலவைல வாட்டா பிடிக்கணும், சாய்வா உருட்டி விடறது. அதுக்கு மேல ஷீட்டை சுவர்ல ஏத்தணும், குறைஞ்சது அரை அடி, முடிஞ்சா ஒரு அடி. ஏத்தி அப்படியே சுவர் மேல ஒட்டி விட்டுட்டுப் போனா ரெண்டு மழைல மேல் நுனி பிரிஞ்சு, சுவர்ல வழியற தண்ணி நேரா ஷீட்டுக்குப் பின்னாடி இறங்கும், இதுதான் நான் அதிகமாப் பாக்கற லீக்கேஜ். சுவர்ல காடி வெட்டி நுனியை அதுக்குள்ள சொருகி சீலண்ட் வச்சு அடைக்கணும், இல்லைன்னா அலுமினியம் பட்டி வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்கி மேல சீலண்ட் விடணும். கொட்டேஷன்ல இந்த வரியே இருக்காது. "அஸ் பெர் ஸ்டாண்டர்டு ப்ராக்டிஸ்"னு போட்டிருப்பாங்க, அப்படின்னா பண்ண மாட்டாங்கன்னு அர்த்தம்.

தண்ணி இறங்கற பைப் வாய் அதைவிட மோசம். மொத்த டெரஸ் தண்ணியும் வந்து சேர்றது அங்க, சந்து பொந்துல மிச்சம் வந்த துண்டு ஷீட்டை ஒட்டறதும் அங்க. வாயைச் சுத்தி தரையை ஒரு அடிக்கு நல்லா தாழ்த்தி, ஷீட்டை பைப்புக்குள்ள ஒரு நாலு இன்ச் இறங்கற மாதிரி மடிச்சு ஒட்டி, அதுக்கு மேல மெயின் ஷீட் வந்து ஏறணும், மேல ஜாலி (சல்லடை மூடி) வைக்கணும். 2005 ஜூலை 26 அன்னைக்கு சான்டாகுரூஸ்ல 24 மணி நேரத்துல 944 எம்எம் மழை பேஞ்சுது, அந்த அளவு தினமும் பெய்யாது ஒத்துக்கறேன், ஆனா சாதாரண வருஷத்துலயே இந்த ஊர்ல 2000 எம்எம்முக்கு மேல பெய்யுது. ஒரு புறா செத்து பைப் வாய்ல அடைச்சாப் போதும், உங்க டெரஸ் நீச்சல் குளம். ஜூன் முதல் வாரமும், மழை நடுவுல வாரம் ஒரு தடவையும் வாட்ச்மேனோ ஸ்வீப்பரோ ஜாலியை கிளீன் பண்ணணும்னு சர்க்குலர் போடுங்க, செலவே இல்லாத வாட்டர்ப்ரூஃபிங் அது.

சில சொசைட்டில ஷீட்டே வேணாம், பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் அடிக்கலாம்னு வருவாங்க, பக்கெட்ல வர்ற பெயின்ட் மாதிரி சரக்கு. நல்ல சரக்குதான், ஜாயிண்டே இருக்காது, பைப், டேங்க் ஸ்டாண்டுன்னு எடைஞ்சல் நெறைய இருக்கற டெரஸுக்கு ஷீட்டைவிட இதுதான் தோது. இதுல திருட்டு நடக்கறது கனத்துல. காஞ்சப்புறம் 1 எம்எம் நிக்கணும்னா சதுர மீட்டருக்கு சுமாரா ஒன்றரை கிலோ போகும், 100 சதுர மீட்டருக்கு 25 கிலோ பக்கெட் ஆறு. தண்ணி ஊத்தி, தின்னர் ஊத்தி ரெண்டு பக்கெட்ல வேலையை முடிச்சுட்டு வெள்ளையா பளபளன்னு போட்டோ அனுப்புவாங்க, நீங்களும் குரூப்புல கை தட்டுவீங்க. காலி பக்கெட்டை எண்ணாம பில் பாஸ் பண்ணாதீங்க. விலை கம்மியா வர்ற அக்ரிலிக் கோட்டிங் தண்ணி தேங்கற எடத்துல ரொம்ப நாள் நிக்காது, சரிவு நல்லா இருக்கற எடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

எது போட்டாலும் முடிஞ்சதும் பாண்டிங் டெஸ்ட். பைப் வாயெல்லாம் அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி ஷீட்டு, கோட்டிங்குக்கு ரெண்டு மூணு நாள் விடணும், கோபாவுக்கு சிபிடபிள்யூடி (மத்திய பொதுப்பணித் துறை) ரெண்டு வாரம்னு சொல்லுது, க்யூரிங்கும் (சிமென்ட் இறுக நனைச்சு வைக்கறது) ஆச்சு டெஸ்ட்டும் ஆச்சு. மேல் மாடிக்காரங்களை கூப்பிட்டு சீலிங்கை காட்டச் சொல்லி போட்டோ எடுத்து ஃபைல்ல வைங்க. "மேடம், தண்ணி டேங்கர் விலை தெரியுமா"ன்னு காண்ட்ராக்டர் கேப்பார், டேங்கர் காசு யாருதுன்னு ஒர்க் ஆர்டர்லயே எழுதிட்டா அந்தப் பேச்சே வராது.

ஒரு சொசைட்டில, பேர் வேணாம், இவ்ளோவும் ஒழுங்காப் பண்ணி ஷீட் போட்டு முடிச்சாங்க. தீபாவளிக்கு முன்னாடி சோலார் ஹீட்டர் வைக்க வந்தவன் ஸ்டாண்டுக்காக டிரில் போட்டு ஷீட்டைத் தொளைச்சு ஸ்லாப்புல போல்ட் இறக்கிட்டுப் போயிட்டான், டிஷ் ஆன்டெனாக்காரன் அவன் பங்குக்கு நாலு. கேரண்டிப் பேப்பரை எடுத்துப் பாத்தா வேற ஆள் டெரஸைத் தொட்டா செல்லாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, ஸ்ட்ரக்சுரல் கிராக் வந்தாலும் செல்லாதாம். பத்து வருஷ கேரண்டி, ஸ்டாம்ப் பேப்பர்ல, எதுக்கும் ஆகாது. ஸ்டாண்டு வைக்கணும்னா சிமென்ட் பெடஸ்டல் கட்டி, அது மேலயும் ஷீட்டை ஏத்தி, அப்புறம்தான் வைக்கணும், டெரஸ் சாவி ஆபீஸ்ல இருக்கணும். வடாம் காயப் போடற மாமிங்களுக்கு நான் எதிரி இல்ல, ஆனா அந்த இரும்பு ஸ்டூலை தார் ஷீட் மேல இழுக்காதீங்க, மே மாச வெயில்ல ஷீட் எளகி இருக்கும், கால் அப்படியே பதிஞ்சு உள்ள போயிரும். ஆளுங்க நடமாட்டம் ஜாஸ்தின்னா ஷீட் மேல ஒரு ஸ்க்ரீடோ (மெல்லிசான சிமென்ட் தளம்) டைல்ஸோ போட்டுடறது உத்தமம்.

தாராவி, கோலிவாடா பக்கம் சிமென்ட் ஷீட் கூரை போட்ட சால் (வரிசை வீடு) கமிட்டிங்களுக்கு ஒரு வார்த்தை. போல்ட்டை ஷீட்டோட மேட்டுலதான் போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி ஓடற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. வாஷரை வருஷா வருஷம் பாத்து மாத்துங்க. பழைய ஷீட் பலதுலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதைக் காய்ஞ்சபடி அறுக்கறதோ டிரில் பண்றதோ வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டெரஸ் மேல மழைக்கு ஷெட் போடணும்னு நினைக்கற சொசைட்டிங்க முதல்ல உங்க வார்டு ஆபீஸ்ல பர்மிஷன் கேளுங்க, போட்டுட்டு நோட்டீஸ் வந்தப்புறம் ஓடாதீங்க.

கமிட்டிக்கு நான் வைக்கற கோரிக்கை இதுதான். இந்த வருஷ ஏஜிஎம் நோட்டீஸ்ல டெரஸ் வேலையை தனி ஐட்டமா போடுங்க. ஒர்க் ஆர்டர்ல ஈர டெஸ்ட், வாட்டா, காடி வெட்டி சொருகறது, பைப் வாய், ரோல் அல்லது பக்கெட் கணக்கு, பாண்டிங், எல்லாத்தையும் தனித்தனி வரியா எழுதி ஒவ்வொண்ணுக்கும் ரேட் கேளுங்க, அப்பத்தான் மூணு கொட்டேஷனையும் நியாயமா ஒப்பிட முடியும். மொத்த பில்லுல பத்து சதவீதத்தை ஒரு முழு மழைக்காலம் முடியற வரைக்கும் பிடிச்சு வைங்க, எங்க முதலாளிங்க திட்டுவாங்க, பரவால்ல, பிடிச்சு வைங்க. ஒர்க் ஆர்டர் டிராஃப்ட் வேணும்ங்கறவங்க கமென்ட்ல சொல்லுங்க, தமிழ்ல எழுதித் தர்றேன், அதை மராத்தில மாத்தி சேர்மன்கிட்ட கையெழுத்து வாங்கறது உங்க பாடு.

இப்படிக்கு,
சயான் கோலிவாடாலேர்ந்து ஒரு சைட் சூப்பர்வைசர்